லோங்காங் வளையும் இடம்

ராதாகிருஷ்ணன் கட்டுகிற ஸ்கேட் பார்க்குகளில் தண்ணீர் தேங்காது. அவர் கட்டுவது ஒரு வீடியோ கேமில், அதில் மழையே கிடையாது என்பது வேறு விஷயம். டிவி திரைக்குள் எந்நேரமும் வெயில் அடிக்கும், தரை எந்நேரமும் காய்ந்து கிடக்கும். ஆனாலும் அவர் ஒரு தளம் போட்டால் அதற்கு ஒரு பக்கமாகச் சரிவு கொடுப்பார். சரிவு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் வைப்பார். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான். ஆனால் விளையாட வருகிறவன் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினால், அவன் காலடியில் இருக்கும் சக்கரப் பலகை தானாக நகரத் தொடங்கும். இணையத்தில் வந்து ஓட்டிய வெளிநாட்டுக்காரர்கள் சிலர் இதைக் குறையாக எழுதினார்கள். ஒருவன் மட்டும், இந்த ஆளுடைய பார்க்கில் சும்மா நிற்கவே முடியாது, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

ராதாகிருஷ்ணனுக்கு நாற்பத்தாறு வயது. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு, கிள்ளானில் ஒரு சீனருடைய கம்பெனியில் மண்வெட்டி பிடித்தார். கால்வாய் கட்டுவதுதான் கம்பெனியின் தொழில். மண்வெட்டியிலிருந்து மட்டக்கோலுக்கும், மட்டக்கோலிலிருந்து சூப்பர்வைசரின் வெள்ளைத் தொப்பிக்கும் வர அவருக்கு வாலிபம் முழுவதும் பிடித்தது. இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் புதிதாக எழும்புகிற தொழிற்பேட்டையில் வேலை. அவர் கட்டியதை யாரும் நின்று பார்த்ததில்லை. கால்வாய் ஒழுங்காக ஓடினால் யார் கண்ணிலும் படாது. அடைத்துக்கொண்டால்தான் பேப்பரில் படம் வரும்.

ஸ்கேட்போர்டில் அவர் ஏறியதே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அவருடைய மைத்துனன் வாசு ஒருமுறை தன் பலகையை அவர் முன்னால் வைத்தான். ராதாகிருஷ்ணன் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். இடுப்பு போனால் யார் பார்ப்பது என்றார். வாசு சிரித்தான். அவனுடைய கேம் செட்தான் இவர்கள் வீட்டில் இருந்தது. ஊரடங்குக் காலத்தில் அக்காள் வீட்டோடு வந்து தங்கியவன், பிரிக்பீல்ட்ஸில் வேறொரு அறைக்குப் போனபோது அங்கே வைக்க இடமில்லை என்று விட்டுப்போனான்.

முதலில் ராதாகிருஷ்ணனும் விளையாடித்தான் பார்த்தார். அவருடைய ஆள் படியில் விழுந்தான், கம்பியில் விழுந்தான், ஒன்றுமில்லாத வெறுந்தரையிலும் விழுந்தான். அலுத்துப்போய் மூடப் போகும்போதுதான், சொந்தமாகப் பார்க் கட்டிக்கொள்ளலாம் என்ற ஒரு பகுதி இருப்பதைப் பார்த்தார். உள்ளே கான்கிரீட் பலகைகள், சரிவுகள், படிகள், கைப்பிடிக் கம்பிகள், மரங்கள், விளக்குக் கம்பங்கள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்து வைக்க வேண்டியதுதான். லோரி வரவில்லை என்ற கவலை இல்லை, சிமெண்ட் இறுகிப்போகும் என்ற அவசரம் இல்லை. அன்று உட்கார்ந்தவர்தான்.

விளையாடுவது அவர் மனைவி அமுதவள்ளி. பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை. இருபது வருடமாக நகரும் பட்டையிலிருந்து பிஸ்கட்டைப் பொறுக்கி அடுக்கிய விரல்கள். கண்ட்ரோலர் அவள் கையில் சொன்னபடி கேட்டது. கட்டுவதில் அவளுக்கு ஆர்வமில்லை. அவர் வாரம் முழுவதும் கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு ஆனதும் அவள் ஓட்டிப் பார்ப்பாள். ஓட்டிக்கொண்டே குறை சொல்வாள். இங்கே கால் தட்டுகிறது, இங்கே திரும்ப இடம் போதாது, இந்தப் படி யாருக்காக, ராட்சசனுக்கா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பார்க்கை வெளியே விடுவார், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டட்டும் என்று. சைட்டில் மண் தோண்டும் பேக்ஹோ ஓட்டும் ஜெயராஜுக்கு இது தெரியும். பெண்டாட்டியை முதலில் தள்ளிவிட்டுப் பிழைத்தால் ஊருக்குத் திறக்கிறான் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

ஒரே ஒரு பார்க்கை மட்டும் அவர் அவளிடம் காட்டாமல் வெளியே விட்டார்.

அவர்கள் இருப்பது கிள்ளானில், பண்டமாரான் பக்கம் ஒரு வரிசை வீட்டில். வீட்டு வரிசைக்குப் பின்னால் பெரிய லோங்காங் ஓடுகிறது. இரண்டு கரையும் சரிவாக, அடி தட்டையாக, லோரி இறங்கிப் போகலாம் போன்ற அகலத்தில் மழைத்தண்ணீருக்காகக் கட்டிய கால்வாய். மழையில்லாத நாளில் நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர் போகும், மற்றதெல்லாம் வழவழப்பான சிமெண்ட். பார்க்கிறவனுக்குச் சறுக்கத் தோன்றும். அந்த லோங்காங் நேராக வந்து, ஓர் அரசமரத்தைக் கண்டதும் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போகும். மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். முழங்கால் உயரத்தில் சிவப்புச் சாயம் அடித்த மேடை, அதன்மேல் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள் துணி, பக்கத்தில் சூலம், சூலத்தில் எலுமிச்சம்பழம்.

இந்த மாதிரி வளைவுகள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. வரைபடத்தில் கோடு நேராகத்தான் இருக்கும். சைட்டில் மரத்தையும் கல்லையும் பார்த்ததும் பேக்ஹோ நின்றுவிடும். ஓட்டுகிறவன் தமிழனாக இருக்க வேண்டும் என்றில்லை, யாராக இருந்தாலும் கீழே இறங்கி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, நீங்களே வந்து ஓட்டுங்கள் பாஸ் என்பான். சீன முதலாளியும் அந்தப் பக்கம் பார்த்து ஒருமுறை கைகூப்பிவிட்டு, வளைத்துவிடு என்று சொல்வார். என்ஜினியர் வந்து படத்தைத் திருத்திக் கொடுப்பார். ராதாகிருஷ்ணனே அப்படி இரண்டு மூன்று இடத்தில் வளைத்திருக்கிறார். நேராக வருகிற ஒரு கால்வாய் காரணமில்லாமல் வளைந்தால், அங்கே யாரோ முன்பே குடியிருக்கிறார் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிஸ்கட் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். அமுதவள்ளி வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அந்த வாரங்களில்தான் ராதாகிருஷ்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லோங்காங்கைத் திரையில் கட்டினார். அதற்கு அவர் எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. கரையின் சரிவு, அடியின் அகலம், பக்கத்துச் சிறு கால்வாய்கள் வந்து விழும் வாய்கள், எல்லாம் கையிலேயே இருந்தன. நேரான பகுதி கட்டியாயிற்று. வளைவும் கட்டியாயிற்று. பிறகு தள்ளி உட்கார்ந்து பார்த்தார். வளைவு பிசகாகத் தெரிந்தது. யாரோ கை தவறிக் கோடு இழுத்த மாதிரி இருந்தது. அதனால் மரத்தை வைத்தார். மரம் மட்டும் போதவில்லை. ஒரு கான்கிரீட் கட்டையை எடுத்து மேடையாக வைத்து, இருந்த சிவப்புகளில் அந்தச் சிவப்புக்கு நெருக்கமானதைப் பூசினார். கார் ஏறாமலிருக்க நடைபாதையில் நடுவார்களே, அந்தக் குட்டைத் தூண் ஒன்றைக் கல்லுக்குப் பதிலாக மேடைமேல் நிறுத்தினார். சூலமும் எலுமிச்சம்பழமும் விளையாட்டில் இல்லை. இப்போது வளைவுக்குக் காரணம் வந்துவிட்டது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. அமுதவள்ளி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் வெளியே விட்டுவிட்டார்.

அவருடைய மற்ற பார்க்குகளுக்கு நாளுக்கு நாலு பேர் வந்தால் அதிகம். இதற்குக் கூட்டம் வந்தது. நேரான பகுதியில் வேகம் பிடித்து, வளைவில் கரைமேல் ஏறினால், பலகை பறந்துபோய் இறங்குகிற இடத்தில், சரியான உயரத்தில், சிவப்பு மேடை இருந்தது. இதை அவர் யோசித்தே வைக்கவில்லை. விளிம்பில் பலகையின் இரும்பை உரசிக்கொண்டு சறுக்குவதற்கென்றே செய்து வைத்தது போல் ஆகிவிட்டது. ஆட்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், சிவப்புப் பெட்டி என்று. மேடையின் விளிம்பில் சறுக்கி வந்து அந்தக் குட்டைத் தூணைத் தாண்டிக் குதிப்பது ஒரு போட்டி மாதிரி பரவிவிட்டது.

ஒரு புதன்கிழமை விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து செய்தி வந்தது. வாரம் ஒரு பார்க்கை அவர்கள் தேர்ந்தெடுத்து முகப்புத் திரையில் போடுவார்கள். விளையாட்டைத் திறக்கிற எல்லாருக்கும், எந்த நாட்டிலிருந்தாலும், முதலில் அதுதான் தெரியும். வருகிற திங்கட்கிழமை அவருடையது. ஒரே ஒரு நிபந்தனை. பார்க்கில் ஏதாவது மாற்றம் செய்தால் தேர்வு ரத்தாகும், மறுபடி வரிசையில் கடைசியிலிருந்து வர வேண்டும். ராதாகிருஷ்ணன் அதை வாசுவுக்கு அனுப்பி, தான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டார். சரிதான் என்று வாசு சொன்னதும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு முறை படித்தார்.

அமுதவள்ளிக்கு அவர் சொல்வதற்கு முன்னால் வாசு சொல்லிவிட்டான். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவைப் போட்டு, மாமா உலகப் புகழ் ஆயிட்டாரு என்று எழுதியிருந்தான். மறுநாள் விடியற்காலை வேலைக்குக் கிளம்புமுன், நின்றபடி கோப்பி குடித்துக்கொண்டு அவள் அதைப் பார்த்தாள். எந்த ஊர்க்காரனோ ஓட்டிய, கறுப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள். லோங்காங்கில் வேகமாக வந்தான், பறந்தான், சிவப்பு மேடையில் இறங்கிச் சறுக்கினான். தூணைத் தாண்டும்போது கால் இடறி அதன்மேலேயே விழுந்தான். எழுந்து, தூணைச் சப்பாத்துப் போட்ட காலால் ஓர் உதை விட்டுவிட்டுப் போனான்.

அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இது நம்ம முனி மேடையா?"

"ஆமா. பின்னால இருக்கற லோங்காங் அப்படியே கட்டினேன். நீ ஓவர்டைம்ல இருந்தியா, அதான்..."

"நல்லாதான் கட்டியிருக்கீங்க," என்றாள். பஸ் வந்துவிடும் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ராதாகிருஷ்ணன் ஒரு குழிக்குள் நின்றுகொண்டிருக்கும்போது மண்சுவர் சரிந்தது. மார்பு வரைக்கும் மண். பேக்ஹோவை வைத்துத் தோண்டினால் ஆளையும் சேர்த்து அள்ளிவிடும் என்று ஜெயராஜ் கையாலேயே தோண்டினான். செய்தி கேட்டு அமுதவள்ளி தொழிற்சாலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் மரத்தடியில் போய் நின்றாள் என்று பக்கத்து வீட்டார் பிறகு அவரிடம் சொன்னார்கள். என்ன கேட்டாள், என்ன வாக்குக் கொடுத்தாள் என்று அவளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. செருப்பை லோங்காங் ஓரத்திலேயே கழற்றிவிட்டுப் போவாள். விளக்கு வைப்பாள். ஒரு சுருட்டைப் பற்றவைத்து மேடையின் விளிம்பில் வைத்துவிட்டு, அது புகைந்து முடியும்வரை நிற்பாள்.

அந்த ஞாயிறு ஓவர்டைம் இல்லை. சோறு ஆனது. ராதாகிருஷ்ணன் கண்ட்ரோலரை எடுத்து அவளுடைய நாற்காலியில் வைத்தார். அவள் அதை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்தாள். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை. வேறு பார்க்கையாவது ஓட்டு என்றார். தோன்றவில்லை என்றாள். துணி மடித்து முடிந்ததும் சமையலறைக்குப் போய், காலியான டப்பாக்களைக் கழுவத் தொடங்கினாள். அவை ஏற்கெனவே கழுவியவை. மத்தியானம் நீளமாக இருந்தது. அவர்கள் வீட்டில் அந்த நேரத்தில் இருக்கிற ஒரே சத்தம், அவள் குறை சொல்வதும் அவர் சமாளிப்பதும்தான். அது இல்லாமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முகப்பில் வர வேண்டியது ஏதோ காரணத்தால் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது. அதனால் அவருக்கு யோசிக்க நாள் கிடைத்தது. சைட்டில் தேத்தண்ணீர் நேரத்தில் ஜெயராஜிடம் சொன்னார். ஜெயராஜ் முழுவதையும் கேட்டுவிட்டு, ரொட்டியை நனைத்துத் தின்றான்.

"நீ அதுக்குப் பூசை போட்டியா?" என்றான்.

"டிவில எப்படிப் போடறது?"

"அப்புறம் என்னா லா. அது வெறும் போலார்டு. கார் இடிக்காம இருக்க வெச்சது. அதுல எவன் ஏறினா உனக்கு என்னா?"

பேச்சு சரியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அதை அப்படியே அமுதவள்ளியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"பின்னால இருக்கறதும் கல்லுதானே. யாரு வெச்சாங்கன்னுகூட யாருக்கும் தெரியாது. வெச்சவரு மனசுல என்ன இருந்துச்சோ, அதான் அது. நீங்க என்னான்னு நெனச்சு வெச்சீங்க?"

ராதாகிருஷ்ணன் யோசித்தார். பொய் சொல்ல முடியாத இடம்.

"முனின்னு நெனச்சுத்தான் வெச்சேன்."

"அப்ப முனிதான்."

கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிறபோது, நான் எடுக்கச் சொல்லவில்லை, உலகம் பூராவும் பார்க்கப் போகிறதைக் கெடுக்க நான் யார், என்னால் அதில் ஓட்ட முடியாது, அவ்வளவுதான் என்றாள்.

வாசு தொலைபேசியில் வேறு வழி சொன்னான். ஒரே ஒரு வாரம் மாமா, முகப்பில் வந்துபோகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள், அக்காவிடம் நான் பேசுகிறேன். ராதாகிருஷ்ணன் யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு வாரம் என்பது அதிகமில்லை. ஆனால் முகப்பில் வருகிற அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேரும் சப்பாத்தோடு வருவார்கள். பிறகு மேடையை நகர்த்தி என்ன?

அவர் பார்க்கின் ஒரு பிரதியை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, அதில் முயன்று பார்த்தார். பிரதியில் செய்வது எதையும் கெடுக்காது. முதலில் மேடையையும் மரத்தையும் எடுத்துவிட்டார். லோங்காங் வெறுமனே வளைந்தது. எதற்காக வளைகிறோம் என்று தெரியாமல் வளைந்தது. அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்ப வைத்தார்.

மேடையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார். ஓட்டிப் பார்க்க ஆள் இல்லை. அவரே ஓட்டினால் மேடை வரைக்கும் போய்ச் சேரவே மாட்டார். வாசுவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் தன் நண்பனுடைய செட்டிலிருந்து வாசு பிரதிக்குள் வந்தான். வந்த வேகத்தில் கம்பிவேலியின்மேல் ஏறி, அது முடிகிற வரைக்கும் சறுக்கிக்கொண்டு போய், மேடைமேல் இறங்கினான். முன்பைவிட நன்றாக இருக்கிறது என்றான். ராதாகிருஷ்ணன் வேலியை எடுத்துவிட்டுப் பூந்தொட்டிகளை வைத்தார். வாசு தொட்டிகளின் விளிம்பில் சறுக்கினான். மேடையை ஆள் உயரத்துக்குத் தூக்கினார். வாசு அடிமரத்தில் பலகையைத் தட்டிச் சுவரில் ஏறுவது போல் ஏறினான். படி வைத்தால் படியில் இறங்கினான். சங்கிலி கட்டினால் சங்கிலியில் சறுக்கினான்.

"மாமா, இந்த கேம்ல எதுக்கு விளிம்பு இருக்கோ அதுல ஏறலாம். அதுக்குத்தான் கேம். நீங்க தடுக்க தடுக்க எங்களுக்கு ஜாலி."

நாலு பக்கமும் சுவர் எழுப்பி மூடிவிடலாம் என்றான். சாமியை ஜெயிலில் போடச் சொல்கிறாயா என்று ராதாகிருஷ்ணன் கேட்டார்.

சனிக்கிழமை சைட்டில் புல் லோரி வந்தது. கால்வாய் வேலை முடிந்த இடத்தில் கரைமேல் புல் பதிப்பார்கள், மழையில் மண் கரைந்து விழாமலிருக்க. பங்களாதேஷ்காரர்கள் இருவர் பத்தை பத்தையாகப் புல்லை இறக்கிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிமெண்ட் தளத்தில் தள்ளுவண்டியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தான். புதிதாகப் போட்ட புல்லில் முன்சக்கரம் இறங்கியதும் வண்டி சடக்கென்று நின்றது. அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சமிருந்த பத்தைகளைத் தோளில் வைத்து நடந்துபோனான்.

ராதாகிருஷ்ணன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயராஜ் பேக்ஹோவிலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

விளையாட்டிலும் புல் உண்டு. பார்க் கட்டுகிறவர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதில் சக்கரம் ஓடாது. புல்லில் இறங்கினால் பலகை செத்துவிடும், ஆள் கீழே இறங்கிப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நல்ல பார்க் என்றால் புல் இல்லாத பார்க் என்று அவரே நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரதியில், மேடையைப் பழைய உயரத்துக்கே இறக்கினார். வேலி, தொட்டி, சங்கிலி எல்லாவற்றையும் எடுத்தார். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் போட்டார். வாசு வந்தான். லோங்காங்கில் இறங்கி வேகம் பிடித்து, வளைவில் பறந்தான். புல்லைத் தாண்டி மேடையில் இறங்கிவிட்டான். ராதாகிருஷ்ணன் புல்லை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். வாசு தாண்டினான். இன்னும் அகலமாக்கியபோது, புல்லை மேலும் வைக்க இடமில்லை என்று விளையாட்டு மறுத்துவிட்டது. ஒரு பார்க்கில் இவ்வளவு பொருள்தான் வைக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. புல் அதில் நிறையத் தின்றது. எதையாவது எடுத்தாக வேண்டும்.

கரையின் நீளத்துக்கும் அவர் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார். லோங்காங்கோடு சேர்ந்து வளைகிற கம்பி. துண்டு துண்டாக வைத்து, ஒட்டு தெரியாமல் சேர்த்து, அதற்கே ஒரு வாரம் ஆகியிருந்தது. சிவப்புப் பெட்டிக்கு அடுத்தபடியாக எல்லாரும் புகழ்ந்தது அதைத்தான். அதைத் துண்டு துண்டாக எடுத்தார். ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் கொஞ்சம் இடம் கிடைத்தது. கிடைத்த இடத்துக்குப் புல் வைத்தார்.

வாசு மறுபடி வந்தான். பறந்தான். மேடைக்கு இன்னும் தூரமிருக்கும்போதே புல்லில் விழுந்து உருண்டான். திரும்பிப் போய் இன்னும் மேலேயிருந்து வந்தான், அப்போதும் விழுந்தான். மூன்றாவது தடவை கரையின் ஓரத்தில் நின்றுவிட்டு, பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் நடந்து வந்தான்.

"சரி மாமா, உங்க முனி ஜெயிச்சிட்டாரு," என்றது ஸ்பீக்கரில் அவன் குரல். "ஆனா நாளைக்கு முகப்புல வரணுமே. இத விட்டீங்கன்னா அது போச்சு. தெரியும்ல?"

தெரியும் என்றார். இன்னொரு நாள் பொறுங்கள், அவசரப்படாதீர்கள் என்று வாசு சொல்லிக்கொண்டிருந்தான். ராதாகிருஷ்ணன் பழையதற்குப் பதிலாகப் பிரதியை வைக்கச் சொல்லும் இடத்துக்குப் போனார். நிச்சயமா என்று விளையாட்டு கேட்டது. தேர்வு ரத்தாகும் என்று மறுபடியும் நினைவூட்டியது. சமையலறையில் அமுதவள்ளி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அப்படிச் செய்தால் வேண்டாம் விடுங்கள் என்று அவள் சொல்லக்கூடும். பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் முகப்பில் யாரோ ஒருவருடைய நீச்சல்குளம் வந்தது. தண்ணீர் வற்றிய குளத்தில் கட்டிய பார்க். ராதாகிருஷ்ணன் அதைச் சுற்றிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அவருடைய பார்க்கின் கீழே, சிவப்புப் பெட்டியை ஏன் கெடுத்தாய், கம்பி எங்கே போயிற்று என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் திட்டியிருந்தான். அதை வாசுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, வாசு பாதியை மட்டும் சொன்னான். கூட்டம் குறைந்தது. ஜெயராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லோங்காங் கட்டுகிறவனுக்கு எதற்குப் புகழ் என்றான். இரண்டு நாள் அவனோடு ராதாகிருஷ்ணன் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பின்னால் லோங்காங் நிறைந்து சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. சோறு ஆனது. அமுதவள்ளி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே டிவிக்குப் பக்கத்திலிருந்த கண்ட்ரோலரை எடுத்தாள்.

"வாசு சொன்னான்," என்றாள்.

அவர் பார்க்கைத் திறந்து கொடுத்தார். அவளுடைய ஆள், மஞ்சள் சட்டை போட்ட பெண், கரைமேல் நின்றாள். எந்த ஊர்க்காரர்களோ இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அமுதவள்ளி இறங்கினாள். நேரான பகுதியில் இரண்டு கரையிலும் மாறி மாறி ஏறி இறங்கி வேகம் பிடித்தாள். வளைவு வந்ததும் பறக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, கரை ஏறி, புல்லின் ஓரத்தில் போய் நிறுத்தினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் சட்டைக்காரி பலகையைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டாள்.

"சப்பாத்த கழட்ட வழியிருக்கா?"

"இல்ல. அது அவங்க வைக்கல."

அவள் யோசித்தாள். புல்லில் இரண்டு அடி எடுத்து வைத்து நிறுத்திக்கொண்டாள். கிட்டே போகவில்லை. கண்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். திரையில் மஞ்சள் சட்டைக்காரி மரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் வளைவில் வந்து, இவளைக் கண்டதும் திரும்பி வந்தான். இவளைச் சுற்றி ஒரு வட்டம் போடப் பார்த்து, புல்லில் சக்கரம் நின்று விழுந்தான். எழுந்து பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். இவள் பார்க்கிற பக்கமே அவனும் பார்த்தான். என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொஞ்ச நேரத்தில் மற்றவனும் வந்தான். மூன்று பேரும் புல்லில் நின்றார்கள்.

அமுதவள்ளி சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ராதாகிருஷ்ணன் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு அவள் மஞ்சள் சட்டைக்காரியைத் திருப்பி நடக்க விட்டு, கரையில் பலகையைப் போட்டு இறக்கினாள். வளைவைச் சுற்றி மறுபக்கம் போனாள். திரும்ப மேலே வந்து இன்னொரு முறை போனாள்.

"வளைவு முடியற எடத்துல பாருங்க, பலகை ஒரு குலுக்கு குலுக்குது. ரெண்டு ஸ்லாப் சரியா சேரல."

"எங்க?"

"இதோ. தோ, பாருங்க. கம்பிய எடுக்கறப்ப இதையும் சேத்து நகத்திட்டீங்க போல."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். இருந்தது. மயிரிழைதான், ஆனால் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொரு முறை அதன்மேல் ஓட்டிக் காட்டினாள்.